கட்டிய இடம்

படிவத்தில் ஏழாவது கட்டம்:
படகு கட்டப்பட்ட இடம்.
பேனாவை மூடிவிட்டு
சமையலறை ஜன்னல் வழியே அந்த இடத்தையே பார்த்தேன்.
மூடுபனி விலகிய நாளில்
அங்கே யாரோ போர்வை உதறுவதுகூடத் தெரியும்.
ஆனாலும் அது கனடா.

லூபெக் துறையில் நிற்கிறது என் படகு.
நாற்பத்திரண்டு அடி. பெயர் 'கோரா பி.'
முன்பு வைத்திருந்தவனின் மாமியார் பெயராம்;
மாற்றினால் ஆகாது என்றார்கள், விட்டுவிட்டேன்.

பலகை எல்லாம் இந்தக் கரைத் தேவதாரு,
மச்சையாஸ் காட்டில் அறுத்து
லாரியில் பாலம் தாண்டிப் போனது.
இயந்திரம் இண்டியானாவில் வார்த்தது.
செப்பாணிகளுக்குப் போர்ட்லண்ட் கடை ரசீதே இருக்கிறது,
காப்பிக் கறையோடு.
ஆனால் ஏரா மரத்தைக் கிடத்தியதும்
ஆவியில் வேகவைத்து விலாக்களை வளைத்ததும்
அக்கரைத் தீவின் தகரக் கொட்டகையில்.
சட்டம் மரத்தின் ஊரைக் கேட்பதில்லை.
சுத்தியல் பிடித்தவன்
எந்த மண்ணில் கால் ஊன்றி நின்றான், அதைத்தான் கேட்கிறது.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறாம் வருடத்துச் சட்டம்.
நீராவிக் கப்பல்களை நினைத்து,
புழுக்கமான ஒரு ஜூன் மாதத்தில்,
கழுத்துப்பட்டை இறுக்க யாரோ எழுதியது:
அயல்நாட்டில் கட்டிய கலம்
நம் துறையில் ஏற்றி நம் துறையில் இறக்கிக்
கூலி வாங்கலாகாது.

அண்ணன் மகனை ஏற்றலாம்.
பாதிரியாரை ஏற்றலாம்.
திமிங்கலம் பார்த்தே தீருவேன் என்ற தபால்காரியை
அவள் நொண்டி நாயோடு ஏற்றலாம்.
யாராவது ஒரு டாலரை நீட்டட்டும்,
படகு அந்நியமாகிவிடும்
கட்டிய கயிறு கட்டியபடி இருக்க.

விலக்கு உண்டு, மனுப் போட வேண்டும்.
படகுக்கு மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும்.
பன்னிரண்டு பேருக்கு மேல் ஆகாது.
முக்கியமாக
இந்த நாட்டில் படகு கட்டுகிறவன் பிழைப்பில்
மண் விழக்கூடாது.
'கேம்போபெல்லோ' என்று எழுதி அனுப்பினேன்.
முப்பது நாள் அறிவிப்பில் வைத்தார்கள்.
இருபத்தெட்டாம் நாள்
ஆட்சேபம் ஒன்று வந்தது.

ஆரின் ஹக்கின்ஸ், படகுப் பட்டறை, கட்லர் சாலை.
கோபமே இல்லாத கடிதம்; அதுதான் தாங்கவில்லை.
'என்னிடம் நான்கு பேர் வேலை செய்கிறார்கள்.
இதே படகை நான் கட்டினால் ஒன்றரை மடங்கு விலை.
அவர்களுக்குக் கூலி தருகிறேன்,
பல்வைத்தியச் செலவும் பார்க்கிறேன்.
வெர்லீன் நல்லவள். படகும் நல்ல படகு.
அதனால்தான் எழுதுகிறேன்.'

நாலு தரம் படித்தேன்.
தப்பு ஒன்றும் அகப்படவில்லை.
அந்த நால்வரில் ஒருவன் என் தங்கை மருமகன்.
அவனுடைய புது முன்பல்
கல்யாணப் படத்தில் பளிச்சென்று தெரியும்.

வாஷிங்டனிலிருந்து முடிவு வரவில்லை.
ஜூலை வந்துவிட்டது.

ஒரு ஞாயிறு காலை ஆரினே துறைக்கு வந்தார்.
தொப்பியைக் கழற்றவில்லை.
'சும்மா ஏறலாம்தானே?'
'சும்மா என்றால் ஏறலாம்.'

இருபதடி ஓதம் வடிந்துகொண்டிருந்தது.
சுழிகளைச் சுற்றிக்கொண்டு கலங்கரை விளக்கம் வரை போனோம்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.
திமிங்கலம் எழுந்தபோது
அவர் குனிந்திருந்தார்.
பலகை இணைப்புகளை விரல் கணுவால்
ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.
'பாவிகள், நன்றாகத்தான் வளைத்திருக்கிறார்கள்'
என்றார், பலகையிடம்.

அவர் போன பிறகு பார்க்கிறேன்,
இயந்திரப் பெட்டியின் மேல்
ஒரு டஜன் முட்டை.
அவர் வீட்டுக் கோழிகளுடையது, பழுப்பு நிறம்,
ஒன்றில் இறகு ஒட்டியிருந்தது.

இது அன்பளிப்பா, கூலியா?
படிவத்தின் நகலை முன்னும் பின்னும் புரட்டினேன்.
முட்டைக்குக் கட்டம் இல்லை.
திருப்பிக் கொடுத்தால் மனிதர் முகம் வாடும்.
வைத்துக்கொண்டால்
அரசாங்கம் கேட்டால் என்ன சொல்ல?

நான்கை உடைத்து வாணலியில் ஊற்றினேன்.
மீதி எட்டையும்
நாளைக்குள் தின்று தீர்த்தாக வேண்டும்.